ஆறு ஊருக்கு எத்தனை நாள்

ஆறு ஊருக்கும் ஒரே நாளில் மகள் கல்யாணப் பத்திரிகை வைத்து முடித்தார் கோமதிநாயகம். ஆறு ஊரிலிருந்தும் யாரும் கல்யாணத்துக்கு வருவதாக இல்லை.

அதைச் சொல்லத்தான் மடத்துக்கு ஓடி வந்தார்.

"சாமி, கெட்டுப்போச்சு."

"எது?"

"கல்யாணம்."

"மாப்பிள்ளை ஓடிட்டானா?"

"மாப்பிள்ளை இருக்கான். சொந்தக்காரங்கதான் இல்லை."

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

சங்கரன்கோவிலுக்கு வெளியே, புளியங்குடி ரோட்டில் இருக்கிறது மடம். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு சாமி. சாமிக்குக் கோமதிநாயகத்தைவிட வயது கம்மி. கோபம் கூடுதல்.

கோமதிநாயகம் பார்சல் ஆபீஸ் வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருவார். கேள்வி கேட்பார். பதில் வருவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

இன்று கிளப்பவில்லை.

"எப்படி வச்சீரு பத்திரிகையை?"

கோமதிநாயகத்துக்கு அந்தத் துக்கத்திலும் முகம் மலர்ந்தது.

"அருமையா வச்சேன் சாமி. விடியக் கருக்கல்ல வண்டியை எடுத்தேன். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, பாவூர்சத்திரம், கடையம், அம்பாசமுத்திரம். ஒரு ரோட்டை ரெண்டு தடவை மிதிக்கலை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுல இருந்தேன். எங்க டிரைவர் பயலுவளால முடியாது."

"வீட்டம்மாவும் வந்தாங்களா?"

"அவளைக் கூட்டிட்டுப் போனா விளங்கும். ஒவ்வொரு வாசல்லயும் ஒரு நாள் பேசுவா."

"நீரு எவ்வளவு நேரம் பேசினீரு?"

"எஞ்சினை அணைக்கலை சாமி."

சாமி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"கடைசியா எந்த வீடு?"

"அம்பாசமுத்திரம். என் மச்சினன் சொரிமுத்து வீடு. பொண்ணுக்குத் தாய்மாமன்."

"அங்கயாவது அணைச்சீரா?"

"அவன் வயலுக்குப் போயிருந்தான்."

"காத்துக்கிடந்தீரு."

"பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்."

"எதை?"

"பத்திரிகை, வெத்திலை பாக்கு, தேங்காய், பழம். எல்லாம் பத்திரமா ஒப்படைச்சேன்." குரல் இறங்கியது. "கையெழுத்தும் வாங்கிக்கிட்டேன்."

கீரை ஆய்ந்த கை நின்றது. சாமி அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கையெழுத்து."

"பழக்கதோஷம் சாமி."

"சொரிமுத்து என்ன சொன்னான்?"

"அவன் ஒண்ணும் சொல்லலை. நேத்து ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா, என் பத்திரிகை. கூலியைப் பெறுபவர் கட்டணும்னு எழுதி அனுப்பியிருக்கான்."

சாமி சிரித்தார். கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காகம் பறந்து போனது.

"சிரிக்காதீங்க சாமி. என் மக சொல்லிட்டா. மாமா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம மணவறையில உட்கார மாட்டாளாம். முகூர்த்தம் ஆனிக் கடைசியில. அதை விட்டா ஆடி. ஆடியில எவன் தாலி கட்டுவான்?"

"மத்த ஊர்க்காரங்க?"

"போன் போட்டுக் கேட்டேன். எல்லாரும் ஒரே சொல்லு. பார்ப்போம்ங்கிறாங்க."

பார்ப்போம் என்றால் என்ன பொருள் என்று சாமி கேட்கவில்லை. தமிழ் தெரிந்தவர்.

கோமதிநாயகம் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆய்ந்த கீரையில் ஆறு இணுக்கு எடுத்துத் தரையில் பரப்பினார்.

"சாமி, இப்படிப் பாருங்க. இது புளியங்குடி. இது கடையநல்லூர். இது தென்காசி. இந்தத் தடவை ரெண்டு நாள் போடுதேன். முதல் நாள் இந்த மூணு. ராத்திரி தென்காசியில லாட்ஜ். மறுநாள் இந்த மூணு. இல்லைன்னா மூணு நாள் போட்டுருவோம். ஊருக்கு அரை நாள். ராஜ மரியாதை. நீங்க சொல்லுங்க. ரெண்டா, மூணா?"

சாமி ஆறு ஊரையும் அள்ளிச் சட்டியில் போட்டார்.

"சாமி, அதுல தென்காசி இருக்கு."

"வெந்துரும்."

"எத்தனை நாள்னு சொல்லலையே."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நானும் வாரேன். வண்டியை எடும்."

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். சாமி மடத்தை விட்டு வெளியே வருவதே அபூர்வம். சாமியோடு வாசலில் போய் இறங்கினால் எவன் மறுப்பான்?

வீட்டுக்குப் போய்ப் புதுப் பத்திரிகைக் கட்டைத் தூக்கினார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நானும் வரட்டுமா?"

"நீ வந்தா பந்தல்காரனுக்கு யாரு பதில் சொல்லுவா? சாமி வாராங்க, போதும்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

* * *

முதல் வீடு புளியங்குடியில். கோமதிநாயகத்தின் பெரியப்பா மகன் ஆவுடையப்பன். எலுமிச்சை மண்டி வைத்திருந்தார். வீடு முழுக்க எலுமிச்சை வாசம்.

வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கோமதிநாயகம் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார்.

சாமி கையை நீட்டிச் சாவியைத் திருகினார். உறுமல் நின்றது. சாவியை உருவிக்கொண்டு நேரே உள்ளே போனார். ஆவுடையப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

"வண்டிச் சாவி அண்ணாச்சி. நீங்க எப்பக் குடுக்கியளோ, அப்பக் கிளம்புதோம்."

கோமதிநாயகம் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சாமி, இன்னும் அஞ்சு ஊரு கிடக்கு."

சாமி ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடத் தொடங்கியிருந்தார்.

ஆவுடையப்பன் சாவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசந்தான்" என்றார் சாமி.

ஆவுடையப்பன் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏளா, உன் கொழுந்தன் வந்திருக்கான். இன்னைக்கு ஓட மாட்டான். மெதுவாச் சமை."

அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"அன்னைக்குப் பாலை அடுப்புல வச்சேன் கொழுந்தனாரே. பொங்குறதுக்குள்ள வாசல்ல புகைதான் நின்னுச்சு."

"அவசரம் மைனி."

"இன்னைக்கு?"

"சாவி அண்ணன்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

சாப்பாடு ஆனது. மண்டியைக் காட்டினார் அண்ணன். பேரனைக் காட்டினார். அப்பா காலத்து வாய்க்கால் தகராறு ஒன்றை எடுத்தார். இருவரும் சத்தம் போட்டார்கள். பிறகு அந்த வாய்க்காலே இப்போது இல்லை என்று ஞாபகம் வந்து, கண் நனையச் சிரித்தார்கள். படுக்கையும் அங்கேதான்.

மறுநாள் இட்லிக்குப் பிறகு சாவி வந்தது.

"வே கோமதி, நாங்க முந்தின நாளே வந்திருவோம். எலுமிச்சை நீ வாங்காத. ஊறுகாய்க்கும் நம்மகிட்ட இருந்துதான். போயிட்டு வா."

வண்டியில் ஏறியதும் கோமதிநாயகம் தொடையில் தட்டினார்.

"பிடிச்சுட்டேன் சாமி. ஊருக்கு ஒரு நாள். ஆறு ஊருக்கு ஆறு நாள். அவ்வளவுதானே?"

சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையநல்லூரில் அத்தை வாங்கிய சாவியை அங்கேயே திருப்பிக் கொடுத்தாள். மோரைக்கூட முழுசாய்க் குடிக்கவில்லை.

"நல்ல ஆளுப்பா நீ. எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு. கல்யாணத்துக்கு வாரேன். என்னை முக்குல இறக்கி விட்டுட்டுப் போ."

முக்கில் இறக்கி விட்டார்.

"என்ன கணக்கு சாமி இது? அங்க ஒரு நாள். இங்க ஒரு டம்ளர் மோரு."

"கணக்கு உம்ம பையிலயா இருக்கு?"

கோமதிநாயகம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். பையைத் தடவியும் பார்த்தார்.

தென்காசியில் சித்தப்பா வீடு. சாவியை வாங்கியவர் சித்தப்பா. பிடுங்கியவன் அவர் மகன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வண்டியில் அடைத்தான். கோமதிநாயகம் பத்திரிகைத் தட்டோடு பின்சீட்டில் நசுங்கினார்.

"சித்தப்பா, எனக்கு வேலை கிடக்கு."

"வேலைக்குச் சாவி உண்டாலே?"

இல்லை.

அருவிக்கடியில் தள்ளிவிட்டார்கள். முதுகில் தண்ணீர் இடித்தது. மூச்சு முட்டியது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவர் அருவியில் நின்று வருஷக்கணக்கு ஆயிற்று. பார்சல் வண்டி குற்றாலம் வழியாய்ப் போகாது. கோமதிநாயகம் வாயைத் திறந்து ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே கேட்கவில்லை. பக்கத்தில் சாமியும் கத்திக்கொண்டிருந்தார்.

துவட்டும்போது சித்தப்பா சொன்னார்:

"உன் மக கல்யாணத்துக்கு நான் வராம யாருலே வருவா?"

பாவூர்சத்திரத்தில் இரண்டு ராத்திரி போனது. கடையத்தில் ஒரு பகல். வண்டி நிறையத் தேங்காயும் வாழைத்தாரும் சேர்ந்தன. கோமதிநாயகம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஓட்டினார். ஒரு வீட்டு வாசலிலும் மணி பார்க்கவில்லை. சாமியை முந்திக்கொண்டு அவரே சாவியை நீட்டினார்.

கடையத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏளா, அஞ்சு ஊரும் வருது. எல்லாரும் முந்தின நாளே வாராங்க. பந்தலை இன்னும் ரெண்டு பத்தி நீட்டிப் போடச் சொல்லு."

"என் தம்பி?"

"அதான் அடுத்து. அவனும் ஆச்சு. உனக்குத் தெரியாது, சாமிகிட்ட ஒரு வித்தை இருக்கு."



* * *

சொரிமுத்து முற்றத்தில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தான். வண்டி வந்ததைப் பார்த்தான். கழுவிக்கொண்டே இருந்தான்.

கோமதிநாயகம் சாவியை உருவி, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

"மாப்ளே, இந்தா. நீ எப்பக் குடுக்கியோ அப்பக் கிளம்புதேன்."

சொரிமுத்து கையைத் துடைத்தான். சாவியை வாங்கினான். திருப்பி அவர் கையிலேயே வைத்தான்.

"கிளம்புங்க அத்தான்."

"மாப்ளே."

"வண்டி சூடு ஆறுறதுக்குள்ள எடுங்க. ஆறிட்டா ஸ்டார்ட் ஆகாது."

"பத்திரிகை வைக்க வந்திருக்கேன்டா."

"பக்கத்து வீட்டுல குடுங்க. நல்லாக் கையெழுத்துப் போடுவாங்க."

மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். நாய் மட்டும் நின்று இவர்களை முகர்ந்தது. அதுவும் போனது.

கோமதிநாயகம் சாமியைப் பார்த்தார்.

"வித்தை பலிக்கலையே சாமி."

"என்ன வித்தை?"

"சாவி."

"அதான் கையில இருக்கே. போறதுன்னாப் போகலாம்."

"அவன் வரலைன்னா என் மக உட்கார மாட்டாளே. நான் எப்படிப் போவேன்?"

"அப்பப் போகாதேயும்."

"எத்தனை நாள் சாமி?"

சாமி வாசலில் கிடந்த துணி துவைக்கும் கல்லில் படுத்துக் கண்ணை மூடினார்.

கோமதிநாயகம் வேலியோரம் உட்கார்ந்தார். சொரிமுத்து பொழுது சாய்ந்து திரும்பினான். இவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போனான். கதவைச் சாத்தினான். மீன்குழம்பு வாசம் வந்தது. சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. வயலிலிருந்து கொசு வந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"வாசல்ல கிடக்கேன்."

அவள் வைத்துவிட்டாள்.

விடிந்து முதல் பஸ் வந்தது. வரப்பில் ஒரு பெண் நடந்து வந்தாள். கையில் துணிப்பை. கோமதிநாயகம் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கதவைத் தட்டவுமில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பிறந்த வீடு.

உள்ளே சத்தம் கேட்டது.

"நீயும்தானக்கா வரலை."

"கூப்பிட்டாரா என்னை?"

"கூப்பிடணுமா உன்னை?"

"உன்னைக் கூப்பிடணும்னு நீ முறுக்கிக்கிட்டு இருக்கல்லா? எனக்கு மட்டும் வேண்டாமா?"

பாத்திரம் ஒன்று விழுந்தது.

கதவு அகலத் திறந்தது. அவள் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்தாள். தம்பியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் பக்கத்தில் தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்கு யாரோ பத்திரிகை வைக்க வந்திருக்காங்களாமே. வரச் சொல்லு."

கோமதிநாயகம் தட்டோடு வாசற்படியில் நின்றார்.

"ஏளா, நீ இந்தப் பக்கம்லா நிக்கணும். வைக்கிறது நாம."

"நாமன்னா யாரு?"

"நீயும் நானும்."

"ஆறு ஊருக்கு ரெண்டு தடவை போனிய. என்னை ஒரு தடவை வான்னியளா?"

அவர் தட்டிலிருந்த தேங்காயை நேராக்கினார்.

"இப்ப நான் சொரிமுத்துவுக்கு அக்கா. எனக்கும் பத்திரிகை வரலை. ரெண்டு பேருக்கும் சேர்த்து வைங்க. பார்ப்போம்."

கோமதிநாயகம் திரும்பிச் சாமியைத் தேடினார். சாமி கல்லில் உட்கார்ந்து எதிர்வயல் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். ஜமுக்காளத்தின் முன்னால் தட்டை வைத்தார். வெற்றிலையின் நுனியைத் திருப்பி வைத்தார்.

"என் மகளுக்கு..."

"யாரு மகளுக்கு?"

"நம்ம மகளுக்கு."

"ம்."

"நம்ம மக பொன்னரசிக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே வந்து..."

அதோடு நின்றார். இதே வாக்கியத்தை முதல் தடவை ஐந்து ஊரில் 'வந்துருங்க' என்ற ஒற்றைச் சொல்லால் முடித்திருந்தார்.

"முன்கூட்டியே வந்து, முன்னால நின்னு, நடத்திக் குடுக்கணும். நீங்க இல்லாம என்னால ஆகாது."

சொரிமுத்து அக்காவைப் பார்த்தான்.

"என்னக்கா, போவமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. அவரு நம்மகிட்ட எவ்வளவு நேரம் இருப்பாருன்னு கேளு முதல்ல."

சொரிமுத்து கேட்டான்.

"எத்தனை நாள் இருப்பிய அத்தான்?"

கோமதிநாயகம் அவன் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கிற்று.

"எனக்கு எப்படித் தெரியும் மாப்ளே?"

சொரிமுத்து அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. அவனும் சிரித்தான். இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றினான்.

"நேத்து மீன்குழம்பு இருக்கு அத்தான். நல்லா ஊறியிருக்கும்."

"போடு."

வெளியிலிருந்து சாமியின் குரல் வந்தது.

"எனக்குக் கீரை இருக்கா?"

* * *

ஆனிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. பந்தல் கொள்ளவில்லை. சொரிமுத்து பட்டு வேட்டி கட்டி, மருமகள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான். பிடித்த கையைக் கொஞ்சம் அதிக நேரம் விடவில்லை. பொன்னரசி அழுதுகொண்டே சிரித்தாள். நாதஸ்வரக்காரர் இன்னொரு சுற்று வாசித்தார்.

பந்தியில் சாமிக்குப் பக்கத்து இலை ஆவுடையப்பனுக்கு.

"சாமி, கெட்டுப்போன கல்யாணம் இது. நீங்கதான் சரிபண்ணி விட்டிய."

"நானா? அம்பாசமுத்திரத்துல ராத்திரி முழுக்கப் பட்டினியாக் கல்லுல கிடந்தேன்வே."

"சாவியைக் குடுத்தது நீங்கதானே?"

"அதை அவன் திருப்பிக் குடுத்துட்டானே."

"அப்ப யாருதான் சரிபண்ணினது?"

சாமி பாயசத்தை வழித்துக் குடித்தார். இலையை மூடினார்.

"வெயிலுகந்தாள்."

"அது எந்த ஊரு அம்மன் சாமி?"

"உம்ம தம்பி கோமதி பொண்டாட்டிவே."